எலிகள் சொன்னதைக் கேட்க நாற்பது ஆண்டுகள்

1957இல் பாஸ்டன் நகரில் ஜேக்கப் ஃபைன் என்ற அறுவை மருத்துவரின் குழு, கோலின் என்ற சத்து இல்லாத தீனியை எலிகளுக்குப் போட்டு வளர்த்தது. அந்தத் தீனியைத் தின்னும் எலிக்கு முதலில் ஈரலில் கொழுப்பு ஏறும். மாதங்கள் போகப் போக ஈரல் நார் பாய்ந்து சுருங்கும். இதில் புதிதாக ஒன்றுமில்லை. டொரோன்டோவில் சார்லஸ் பெஸ்ட்டின் ஆட்கள் 1930களிலேயே கோலினையும் ஈரல் கொழுப்பையும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஃபைன் குழு கூடுதலாகச் செய்தது ஒன்றுதான்: குடலில் இருக்கும் பாக்டீரியாவை அடக்கும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சத்துக்குறை அப்படியே இருந்தது. ஈரல் மட்டும் சுருங்காமல் தப்பியது.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இன்னொரு குழு, பிராய்ட்மன், காட்லீப், ஸாம்செக் என்ற மூவர், ஒரு படி மேலே போனார்கள். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் எலி தப்பிக்கிறது, சரி. அந்த நியோமைசினை நிறுத்தாமல், குடிதண்ணீரில் பாக்டீரியாவின் நச்சை மட்டும் கலந்து கொடுத்தால்? தப்பித்துக்கொண்டிருந்த எலிகளின் ஈரல் மறுபடி கெட்டது. ஆக, கேட்டைச் செய்ய உயிருள்ள கிருமி தேவையில்லை, அதன் உடலின் ஒரு துண்டே போதும். இவ்வளவு சுத்தமாக அமைந்த சோதனை மருத்துவத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் படித்தவர்கள் தலையாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தத் துண்டுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். பெர்லினில் ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர் 1892இல் காலரா கிருமியை வைத்துக் கண்டுபிடித்தது. சூடாக்கிக் கொன்ற கிருமியைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினாலும் அது செத்துப்போனது. கிருமி வெளியே கக்குகிற விஷம் அல்ல, அதன் உடலோடு ஒட்டிய விஷம் என்று அவர் முடிவுக்கு வந்தார். கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதன் கொழுப்புப் பகுதியான லிபிட் ஏ தான் நம் உடலை உலுக்குகிறது. நம் ஒவ்வொருவர் பெருங்குடலிலும் இது ஏராளமாக இருக்கிறது. குடலுக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை.

அன்றைய மருத்துவர்கள் ஏன் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பதை அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. ஈரலில் கொழுப்பு என்றால் அவர்கள் கண்முன் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குடிகாரர். அவரைக்கூட மது நேரடியாகக் கெடுக்கிறது என்று பலர் நம்பவில்லை; குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் ஈரல் போகிறது என்றார்கள். நல்ல சாப்பாடு போட்டாலும் மது ஈரலைக் கெடுக்கும் என்று சார்லஸ் லீபர் மனிதர்களிலும் பபூன் குரங்குகளிலும் காட்டிய பிறகுதான், 1970களில், அந்தப் பேச்சு அடங்கியது. இன்னொருவர் பட்டினிக் குழந்தை. வயிறும் காலும் வீங்கி, முடி நிறம் மாறி வரும் குவாஷியார்கர் நோயை 1930களில் கானாவில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்தார். நம்மூரில் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சி. கோபாலன் போன்றவர்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளின் ஈரலும் கொழுப்பு ஏறித்தான் இருந்தது. ஆக, கொழுப்பு ஈரல் என்பது தட்டில் எது இல்லை என்ற கேள்வி. இன்று அது தட்டில் எது அதிகம் என்ற கேள்வியாகத் தலைகீழாகிவிட்டது. இரண்டு காலத்திலும் பார்வை தட்டை விட்டு நகரவில்லை.

இன்னொரு காரணம் இன்னும் எளியது. இரத்தத்தில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. ஊசி மருந்தில் அது கலந்திருக்கிறதா என்று அறிய அதை முயலுக்குச் செலுத்திக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் அன்றைய வசதி. விடை கிடைத்தது கடற்கரையில். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் ஃபிரெடரிக் பாங் குதிரைலாட நண்டுக்கு பாக்டீரியாவை ஏற்றினார். அதன் நீல இரத்தம் கட்டிக்கொண்டது. 1960களில் ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து, கட்டிக்கொள்ளச் செய்வது எண்டோடாக்சின்தான் என்று காட்டி, அதையே ஒரு பரிசோதனையாக மாற்றினார்கள். 1977இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. இன்றைக்கு நமக்குப் போடும் தடுப்பூசிகூட அந்த நண்டுக்குக் கடன்பட்டதுதான். அதற்கு மாற்றாகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ இருவரும் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்த புரதம் இப்போதுதான் மெல்லப் பரவுகிறது.

மனிதர்களிடம் சான்று வந்த கதை கொஞ்சம் கொடுமையானது. உடல் பருமனைக் குறைக்க 1950களில் அமெரிக்காவில் ஓர் அறுவை சிகிச்சை தொடங்கியது. சிறுகுடலில் ஏறக்குறைய ஒன்றரை அடி மட்டும் பாதையில் விட்டு, மீதி முழுவதையும் ஒதுக்கிக் கட்டிவிடுவார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, எடை மளமளவென்று இறங்கும். 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொண்டார்கள். எடை குறைந்தது, ஆனால் சிலருக்கு ஈரல் கொழுத்து, வீங்கி, செயலிழந்தே போனது. எடை குறையும்போது ஈரல் கெடுவானேன்? புரதம் போதவில்லை என்றார்கள் பலர், மறுபடியும் தட்டுக் கணக்கு. ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த நீண்ட குடல் துண்டில் பாக்டீரியா பெருகிக் கிடந்தது. 1982இல் எர்ன்ஸ்ட் ட்ரெனிக் குழுவினர் அப்படிப்பட்டவர்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தார்கள், நம்மூரில் வயிற்றுப்போக்குக்கு எழுதித் தருகிற அதே மாத்திரைதான். ஈரல் கொழுப்பு குறைந்தது, புரதக் குறை நீடித்த போதும். பாஸ்டன் எலிகளில் கண்டது மனிதரிலும் நடந்தேறிவிட்டது. ஆனால் அதற்குள் அந்த அறுவை சிகிச்சையையே கைவிட்டுவிட்டார்கள். நோயாளிகளோடு கேள்வியும் மறக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஜேம்ஸ் நோலன் மட்டும் குடல் நச்சும் ஈரலும் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மறக்கப்பட்டதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அறுவை சிகிச்சை நடந்த காலத்தில் நோய்க்குப் பெயரே இல்லை. 1980இல்தான் மினசோட்டாவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் பெண்கள், பருத்த உடல், பலருக்குச் சர்க்கரை. ஈரலிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் அசல் குடிகாரரின் ஈரல். குடிப்பதில்லை என்று சாதித்தார்கள். அதற்கு முன்பு இப்படி எத்தனை பேர் மருத்துவரிடம் பொய்யர் பட்டம் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. குடிக்காமலே வரும் ஈரல் அழற்சி என்று லுட்விக் அதைத் தனி நோயாக நிறுத்தினார். பல ஆண்டுகள் அது ஓர் அபூர்வச் சங்கதியாகவே பாடப்புத்தக ஓரத்தில் கிடந்தது.

திருப்பம் 1997இல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா மே டீல் குழு, பிறவியிலேயே பருத்துக் கொழுப்பு ஈரலோடு இருக்கும் எலிகளையும் ஒல்லியான எலிகளையும் எடுத்துக்கொண்டது. இரண்டு வகைக்கும் சிறிதளவு எண்டோடாக்சின். ஒல்லி எலிகள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பருத்த எலிகளின் ஈரல் அழற்சியில் வெந்துபோனது. கொழுப்பு ஏறிய ஈரல் சும்மா இருக்கலாம், ஆனால் அது காய்ந்த ஓலைக் கூரை. குடலிலிருந்து பொறி பறந்து வந்தால் பற்றிக்கொள்ளும். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நியூகாசிலில் கிறிஸ்டஃபர் டேயும் ஆலிவர் ஜேம்ஸும், முதல் அடி கொழுப்பு, இரண்டாவது அடி வேறு ஏதோ என்று இரண்டு அடிக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். கொழுப்பு ஈரல் உள்ள எல்லோருக்கும் ஏன் ஈரல் சுருங்குவதில்லை என்ற கேள்விக்கு அப்போதுதான் ஓர் உருவம் கிடைத்தது.

எண்டோடாக்சின் என்ற சாவிக்கு 1998இல் பூட்டும் கிடைத்தது. சி3எச் ஹெச்இஜே என்ற ஆய்வக எலி வகை ஒன்று உண்டு. எண்டோடாக்சினை எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. ஏன் என்று பல ஆண்டுகள் தேடிய டெக்சாஸின் புரூஸ் பாய்ட்லர், அந்த எலியில் டிஎல்ஆர்4 என்ற புரதம் பழுதாகியிருப்பதைக் கண்டார். எண்டோடாக்சின் வந்து பொருந்துவது அதில்தான். அதற்காக 2011இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது வழி முழுவதும் தெரிகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடலின் உள்சுவரில் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்தால், எண்டோடாக்சின் அந்த இரத்தத்தில் இறங்கி நேராக ஈரலுக்குப் போகும். கொழுப்பு உணவு செரித்து உருவாகும் கொழுப்புத் துளிகளில் தொற்றிக்கொண்டும் உள்ளே வரும். அது அடைபட்ட சுவரிலும் திறக்கும் வேறொரு வாசல். ஈரலில் குப்ஃபர் செல்கள் அதை விழுங்கும். விழுங்கும்போதே டிஎல்ஆர்4 தூண்டப்பட்டு டிஎன்எஃப், இன்டர்லூக்கின் என்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டும். ஆரோக்கியமான ஈரலில் இது தினமும் சிறிய அளவில் நடந்து அடங்குகிற காரியம். கொழுப்பு நிறைந்த ஈரல் செல்கள் அந்த டிஎன்எஃப்பைத் தாங்காமல் சாகின்றன. செத்த செல் இன்னும் அழற்சியை அழைக்கிறது. கடைசியில் ஈரலின் நட்சத்திர செல்கள் விழித்துக்கொண்டு நார் போடத் தொடங்கும். அந்தச் செல்களிலும் டிஎல்ஆர்4 இருக்கிறது, எண்டோடாக்சின் அவற்றை நேரடியாகவே உசுப்பும் என்று 2007இல் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கார்ல் குப்ஃபர் 1876இல் தங்கக் கரைசலால் சாயம் ஏற்றி ஈரலில் முதலில் கண்டது இந்த நட்சத்திர செல்களைத்தான். பிறகு விழுங்கும் செல்களைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று குழப்பிக்கொண்டார். ஜப்பானின் கெஞ்சிரோ வேக் 1971இல் அதைப் பிரித்துச் சொல்லும்வரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள், தழும்பு போடும் செல்லின் புகழ் விழுங்கும் செல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2007இல் பாட்ரிஸ் கானி, ரெமி பர்சலன் குழு, கொழுப்புத் தீனி தின்ற எலிகளின் இரத்தத்தில் நான்கே வாரத்தில் எண்டோடாக்சின் இரண்டு மூன்று மடங்கு கூடியதைக் காட்டியது. காய்ச்சல் வரும் அளவல்ல. நோய்த்தொற்றில் காண்பதைவிட மிகக் குறைவு. ஆனால் ஓயாமல் கசிகிற அளவு. அதே ஆண்டு பிரிட்டனில் ஆரோக்கியமான ஆண்களுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தே இரத்தத்தில் எண்டோடாக்சின் சற்று ஏறுவதைப் பார்த்தார்கள். வெண்ணெயை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. 2008இல் ஜெர்மனியில் இனா பெர்க்ஹைம், ஃபிரக்டோஸ் கலந்த தண்ணீர் குடித்த எலிகளுக்கு ஈரலில் கொழுப்பும் எண்டோடாக்சினும் ஏறுவதையும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் குறைவதையும் காட்டினார். குளிர்பானத்திலும் இனிப்பிலும் இருக்கும் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். எண்ணெய்ப் பலகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நிம்மதியாக இனிப்புக் காபி குடிக்கும் நம்மவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. 2009இல் ரோமில் லூகா மியேலே குழு மனிதர்களிடம் குடல் சுவரின் பிடி தளர்ந்திருப்பதையே படம் பிடித்தது போலக் காட்டியது. ஈரலில் கொழுப்பு எவ்வளவு கூடுதலோ கசிவும் அவ்வளவு கூடுதல்.

அன்று 20 பேரை வைத்துப் பெயர் சூட்டிய நோய் இன்று எங்கே நிற்கிறது? சென்னையில் வி. மோகன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் நகரவாசிகளில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். கொழும்பை அடுத்த ராகமையிலும் அதே ஆண்டு கிட்டத்தட்ட அதே எண். இந்தியா முழுவதுமான ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சொன்னது, பெரியவர்களில் 38.6 சதவீதம். இதற்கெல்லாம் மேலாக எனக்கு உறைத்தது மேற்கு வங்காளக் கிராமம் ஒன்றில் அபிஜித் சௌத்ரி குழு 2010இல் கண்டது. உழைத்து உண்ணும் ஜனங்கள், 8.7 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனே இல்லாதவர்கள். தொப்பையை மட்டும் பார்த்து நோயைக் கணிக்கும் பழக்கம் அங்கே பலிக்காது.

மாஸ்டர் செக்கப் முடித்து வருகிறவர் கையிலிருக்கும் ஸ்கேன் தாளில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கும். எல்லாருக்கும் இருப்பதுதான், நடங்க, அரிசியைக் குறைங்க என்பார் மருத்துவர். அந்த அறிவுரை தப்பில்லை. ஆனால் அந்த கிரேடு கொழுப்பை மட்டும்தான் சொல்கிறது. கூரை பற்றிக்கொண்டதா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை, வயது எல்லாம் சேர்த்த கணக்கு, ஃபைப்ரோஸ்கேன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. குடல் கசிகிறதா என்று சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்னும் எந்த லேபிலும் இல்லை. நண்டு இரத்தச் சோதனை ஊசி மருந்தில் அற்புதமாக வேலை செய்கிறது. மனித இரத்தத்திலோ அதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு, ஏமாற்றும் பொருள்களும் உண்டு. இந்தத் துறையில் பாதிச் சண்டை இந்த அளவீட்டைப் பற்றியதுதான்.

இன்னொரு சிக்கல், எல்லா எண்டோடாக்சினும் ஒன்றல்ல. ஈ கோலையின் லிபிட் ஏ டிஎல்ஆர்4ஐ உலுக்கி எடுக்கும். நம் குடலில் ஏராளமாக இருக்கும் பாக்டீராய்டஸ் வகையின் லிபிட் ஏ வேறு அமைப்பு. அது டிஎல்ஆர்4ஐத் தூண்டுவதற்குப் பதில் அடைத்தே வைக்கிறது. மொத்த அளவைப் பார்த்துப் பயப்படுவதைவிட யாருடைய நச்சு என்று கேட்பதே சரி. 2010இல் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் டில்க், அலெக்சாண்டர் மோஷன் இருவரும் இரண்டு அடி என்பதைக் கலைத்து, குடல், கொழுப்புத் திசு, மரபணு எல்லாம் ஒரே சமயத்தில் அடிக்கின்றன என்றார்கள். அதுதான் இன்றைக்கு நிற்கும் கருத்து. எண்டோடாக்சின் அதில் ஒரு கை, முக்கியமான கை, ஒரே கை அல்ல.

நச்சு என்றால் எண்டோடாக்சின் மட்டும்தானா என்பதும் மாறிவிட்டது. 2019இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே போதையேறி, கடும் ஈரல் அழற்சியோடு வந்த ஒருவரின் குடலில் ஏராளமாகச் சாராயம் தயாரிக்கும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவைக் கண்டார்கள். பிறகு தங்கள் நோயாளிகளில் தேடினால் ஏறக்குறைய 60 சதவீதம் பேரிடம் அதே கூட்டம். லுட்விக்கின் நோயாளிகளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது: அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் சிலரின் குடலுக்குள் ஒரு சாராயக் காய்ச்சல் நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் மருந்துச் சீட்டில் நச்சுக்கு எதிரான ஒரு வரிகூட இல்லை. நியோமைசினை ஆயுள் முழுக்கக் கொடுக்க முடியாது. காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், எதிர்ப்புத் திறனுள்ள கிருமிகளையும் வளர்த்துவிடும். இரத்தத்தில் கலக்காத ரிஃபாக்சிமின் வைத்து நடந்த சிறு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. டிஎல்ஆர்4ஐ அடைக்கும் மருந்து ஒன்று இரண்டாம் கட்டச் சோதனையில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. இந்த நோய்க்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் அனுமதித்த முதல் மருந்தான ரெஸ்மெடிரோம் ஈரலின் தைராய்டு ஏற்பியைப் பிடிக்கிறது. 2025இல் இதே நோய்க்கு அனுமதி பெற்ற செமாக்ளுடைட் பசியைக் குறைக்கிறது. மருந்தே இல்லாமல் நல்ல பலன் கண்டது ஹவானாவில்: 293 பேரை 52 வாரம் பின்தொடர்ந்தார்கள், உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி நோய் மறைந்தது.

சந்தைக்கு இந்தப் பொறுமை இல்லை. குடலைச் சுத்தம் செய்யும் பொடி, ஈரல் நச்சை இறக்கும் பானம் என்று யூடியூபில் விற்பனை கொழிக்கிறது. வருஷத்துக்கொரு தரம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு எடுத்த பாட்டிகளாவது அதைக் காசுக்கு விற்கவில்லை. பேதியில் போன பாக்டீரியா சில நாளில் திரும்பிவிடும். எண்டோடாக்சின் கொழுப்பு ஈரலைப் பற்ற வைக்கிறது என்பது நல்ல அறிவியல். அதை ஒரு புட்டியில் இறக்கிவிடலாம் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை.

வேறு திசையில் ஒரு முயற்சி நடக்கிறது. சான்டியேகோவில் பெர்ன்ட் ஷ்னாபல் குழு 2019இல், மதுவால் கடும் ஈரல் அழற்சி வந்தவர்களின் மலத்தில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் பாக்டீரியாவையும் அது உண்டாக்கும் சைட்டோலைசின் என்ற நச்சையும் தேடியது. அந்த நச்சு இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள்; இல்லாதவர்களில் நூற்றுக்கு நான்கு பேர். அந்த பாக்டீரியாவை மட்டும் குறிவைத்துத் தின்னும் வைரஸ்களை எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் காயம் குறைந்தது. மற்ற பாக்டீரியாவுக்குச் சேதமில்லை. ஆன்டிபயாடிக்கால் முடியாத காரியம். பிறகு குடிக்காதவர்களின் கொழுப்பு ஈரலிலும் அதே நச்சைத் தேடினார்கள். அங்கே அது கூடுதலாக இல்லை என்று 2020இல் எழுதிவிட்டு, வேறு கிருமியைத் தேடப் போயிருக்கிறார்கள்.